ஆறு மணி வரை

2041 மார்ச் 31, ஞாயிற்றுக்கிழமை, தேனி. மாலை ஆறு மணியோடு மாநிலத்தில் புதிய டீசல் வண்டிகளின் விற்பனை முடிகிறது. ஷோரூமில் கூட்டம் குறைந்து, மிச்சமிருந்த ஒரே சுமை வேனுக்குப் பவுன்ராஜ் பெயரில் பில் போட்டபோது மணி ஐந்து. அவர் மலைக் கிராமங்களிலிருந்து காய்கறி இறக்குபவர். மேலே சார்ஜ் போட இன்னும் வசதி வரவில்லை.

"ஆறு வரைக்கும் ராகுகாலம். இப்ப எடுக்கக் கூடாது மாமா," என்றாள் மனைவி பாண்டிமீனா. அவளுடைய அண்ணன் ராகுகாலத்தில் எடுத்த வண்டியோடுதான் மலை வளைவில் உருண்டு செத்தார்.

"ஆறுக்கு மேல வண்டி உள்ள நின்னா பில் செல்லாதுக்கா. ராகுகிட்ட வேணா நான் பேசிப் பாக்கவா?" என்றான் விற்பனையாளன்.

அவள் சிரிக்கவில்லை. "ஸ்டார்ட் பண்ணாம வெளிய கொண்டுபோனா?"

விற்பனையாளன் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, கணவனும் மனைவியும் பின்னாலிருந்து தள்ளினார்கள். சாலையில் சத்தமில்லாத வண்டிகள் அவர்களுக்குப் பின்னால் வரிசையாகத் தேங்கின. இரண்டு பேர் இறங்கி வந்து கைகொடுத்தார்கள். "புது வண்டியாண்ணே? அதுக்குள்ள நின்னுபோச்சா?" என்றார் ஒருவர்.

வேப்பமரத்தடியில் ஓரங்கட்டிக் காத்திருந்தார்கள். தள்ளியவர்களும் வேடிக்கை பார்க்க நின்றார்கள். ஆறு தாண்டியதும் பாண்டிமீனா சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டுப் பின்னால் போய்க் கும்பிட்டாள். பவுன்ராஜ் சாவியைத் திருப்பினார். வண்டி புகையைக் கக்கி உறுமி நகர்ந்தது, பழங்கள் நசுங்கின. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள், பாண்டிமீனாவும்.