இடது கன்னத்து மச்சம்

"மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர் தூரம், சார்! அந்த நிலாவைப் பெயர்த்து என் வாசல்ல வைக்கிறேன்னு எழுதியிருக்காரு. பன்னிரண்டு வருஷமா மாடிப்படி பல்பைக்கூட மாத்தலை!"

அவள் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். அரை அங்குலம் பிசகினாலும் விடமாட்டாள். கல்யாணத்துக்கு முன் கணவன் எழுதிய பதினான்கு காதல் கடிதங்களையும் வரிசை எண் போட்டு, கோப்பாகக் கொண்டுவந்திருந்தாள். பிரிவு மனுவும் பையில் தயார். அதில் கையெழுத்துப் போடாமலேயே வீட்டுக்குத் திரும்ப ஒரு காரணம் கிடைக்காதா என்று உள்ளுக்குள் ஏங்கினாள்.

பக்கத்தில் லேத்துப் பட்டறைக்காரக் கணவன். வந்தால் இந்தக் குடும்ப ஆலோசனை மையத்துக்குத்தான் வருவேன் என்று அடம்பிடித்ததோடு அவன் பேச்சு தீர்ந்துவிட்டது. மூலையில் குறிப்பெழுதும் பெண், இடது கன்னத்தில் கைவைத்தபடி எழுதிக்கொண்டிருந்தாள்.

"அது பொய் இல்லம்மா, உயர்வு நவிற்சி," என்று குழைந்தார் ஆலோசகர். "அன்பு மிஞ்சிப்போனா அளவுகோல் உடைஞ்சுடும்."

"எங்க ஆபீஸ்ல அளவுகோலை உடைச்சா மெமோ குடுப்பாங்க, சார். ஆறாவது கடிதம். 'மாலைச் சூரியன் சிவப்பது உன்னைக் கண்ட வெட்கத்தால்.' அது தூசியால சிவக்குது!"

"தானா நடக்குறதுக்குக் கவிஞன் தன் மனசுல உள்ள காரணத்தை ஏத்திச் சொல்றான். தற்குறிப்பேற்றம். அபாரமான வரிம்மா! அதுக்காக ரெண்டு நாள்..." ஆலோசகர் இருமினார். "யோசிச்சிருப்பாரு."

கணவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"உன் கண்கள் வண்டுகள்னு இருக்கே?"

"உருவகம். 'போல', 'மாதிரி'ன்னு வந்தா உவமை. அதைத் தூக்கிட்டா உருவகம். அவ்வளவுதான்."

"சரி, ஒன்பதாவது. 'உன் இடது கன்னத்து மச்சத்தைச் சுற்றியே வருகிறேன்.' நல்லாப் பாருங்க சார். எனக்கு மச்சமே கிடையாது. இது என்ன அணி?"

ஆலோசகருக்கு வியர்த்துக் கொட்டியது. "அது வந்து... இல்பொருள் உவமை. இல்லாத ஒண்ணை..."

"இதுல 'போல'யும் இல்ல, 'மாதிரி'யும் இல்ல. அப்புறம் எப்படி சார் உவமை?"

மூலையில் பேனா நின்றது.

"மச்சம் உள்ள எவளுக்கோ எழுதினதை எனக்கு அனுப்பியிருக்காரு." அவள் குரல் உடைந்தது. மனுவை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"எவளும் இல்ல," என்றான் கணவன். வந்ததிலிருந்து அதுதான் முதல் வார்த்தை. "அதுல ஒரு வரிகூட என்னுது இல்ல. விடுதியில என் அறைத்தோழன் அவன் காதலிக்கு எழுதுவான். அவன் துணியைத் துவைச்சுக் குடுத்துட்டு, நான் பார்த்து எழுதிப்பேன். எனக்கு அணியெல்லாம் வராது. நீ உங்க அம்மா வீட்டுல இருந்த இருபது நாளும் நான் தூங்கலை. அது மட்டும்தான் சொல்லத் தெரியும்."

அவள் அவனையே பார்த்தாள்.

"இருபத்தொரு நாள்," என்று திருத்தினாள். கண் கலங்கியிருந்தது. மனுவை நான்காக மடித்தாள். "கிளம்புங்க. போற வழியில பல்பு வாங்கணும்."

ஆலோசகர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார்.

"ஒரு நிமிஷம்." குறிப்பெழுதும் பெண் எழுந்து வந்தாள். "அந்த அறைத்தோழன் யாரு?"

கணவன் பாவமாக ஆலோசகரைப் பார்த்தான்.

குறிப்பெழுதும் பெண் இடது கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். அங்கே மிளகளவு மச்சம்.

"அந்த நாற்காலியை இப்படித் தள்ளுங்கம்மா, நான் உட்காரணும். என்கிட்ட நாற்பது கடிதம் இருக்கு, எல்லாமே எனக்கு மட்டும்னு எழுதினது," என்றாள் ஆலோசகரின் மனைவி.