இடப்பக்க விளக்கு

இன்றைக்கு எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கிடைக்காவிட்டால் நாளை முதல் செங்கோடனின் அம்பாசிடர் வாடகைக்கு ஓட முடியாது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் சோதனை வரிசையில் நிற்கும்போது இடப்பக்க இண்டிகேட்டர் படபடவென்று அடித்துக்கொண்டது. விளக்கை மின்னவைக்கும் ரிலேயைப் புதிதாக மாட்டியும் அப்படியேதான். பின்னால் குனிந்து பார்த்த அவன் பெண்டாட்டி சொர்ணம் கத்தினாள்: "ரிலேயைத் திட்டாதய்யா! பின் விளக்கு எரியவே இல்ல. எர்த் கம்பி விட்டுருச்சு!"

கம்பியை முடுக்கியிருந்த இடத்தைத் துரு தின்று ஓட்டையாக்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் முன்னால் நின்ற வண்டிக்கு வந்துவிட்டார். சொர்ணம் புடவையைச் செருகிக்கொண்டு டிக்கிக்குள் ஏறிப் படுத்தாள்.

"நல்ல தகரத்துல அமுக்கிப் பிடிச்சுக்கிறேன். மூடு, சீக்கிரம்!"

"லெஃப்ட் போடு," என்றார் இன்ஸ்பெக்டர். டக்... டக்... விளக்கு நிதானமாக மின்னியது. செங்கோடனுக்கு இறங்கிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

"பழைய வண்டின்னாலும் நல்லா வெச்சிருக்கியேப்பா!" என்று பேனாவைத் திறந்தவர், "ஸ்டெப்னி இருக்கா?" என்றபடி டிக்கியைத் தூக்கினார்.

சொர்ணம் கம்பியை விடவில்லை. கண்ணில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"மொதல்ல கையெழுத்தப் போடுங்க சார்," என்றாள். "கட்டைவிரல் மரத்துப் போச்சு."