வாசலில் கறுப்புச் சப்பாத்துகள்

மிச்சம் என்கிற ஆங்கிலேய ஊரில், பப் எனும் மதுச்சாலையொன்றின் மேல்மாடி. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேர வெயில் அழுக்குக் கண்ணாடியில் மங்கிக் கிடக்கிறது. மாதத்துக்கொருமுறை இங்கே கூடுகிற சாத்தானியர் எட்டுப் பேர் கறுப்பு உடுப்பில் வட்டமாக இருந்து பாட்டுக் கசெட்டுகளைக் கைமாற்றுகிறார்கள். சாத்தான் என்பது பெயருக்குத்தான். இவர்கள் எவரையும் கும்பிடுவதில்லை. அவரவரே அவரவருக்குக் கடவுள், எவரும் எவரையும் பின்பற்றத் தேவையில்லை. தகப்பனின் கோயில் நிர்வாகசபைச் சண்டைகளில் அலுத்துப்போன கிருபாகரனை இங்கே இழுத்துவந்ததே அந்த ஒரு பேச்சுத்தான். ஆனால் போன மாதம் முதல்முறை வந்தபோது, பழக்கதோஷத்தில் அவன் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டான். இன்றைக்கு எல்லோருமே கழற்றியிருக்கிறார்கள். பிந்தி வந்த ஒருத்தியைக் கூட்டம் நடத்துகிற கீத் வாசலிலேயே மறிக்கிறான்.

“சப்பாத்தைக் கழற்று. இங்கே அதுதான் முறை.”

“யார் வைத்த முறை?” என்று கிருபாகரன் கேட்கிறான்.

கீத் தோளைக் குலுக்குகிறான். “எப்போதும் உள்ளதுதானே.”

என்ன நடக்கிறதென்று புதினம் பார்க்கக் கூடவந்த சித்தியின் மகள் துஷ்யந்தி வாயைப் பொத்திச் சிரிக்கிறாள். “அண்ணை, இனித் தேங்காய் உடைக்கிறது மட்டுந்தான் பாக்கி.”

கிருபாகரனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வருகிறது. “எழும்பு, போவம்” என்று வாசலுக்கு வருகிறான். அங்கே வரிசையாகக் கனத்த சப்பாத்துகள், எல்லாம் கறுப்பு, எல்லாம் முழங்கால்வரைக்கும் கயிறு கட்டுகிறவை. போன கிழமை அவன் ஆசையாக வாங்கியதும் அதேதான். குனிந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறான். தன்னுடையது எதுவென்று தெரியவில்லை.