சிவப்புக் கூடையில் என் படம்

தண்ணீர்த் தொட்டியின் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது என் மனைவி வெண்ணிலாவின் குரல் கேட்டது. எதிரே பால்வாடி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத்தான் பிள்ளையைக் கூப்பிட வருவாள். அதற்குள் நான் ரோட்டுப் பக்கம் போய்விடுவேன். இன்றைக்கு அம்மாக்களை எல்லாம் பத்து மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள் போல. எனக்குத் தெரியாது.

அவளைப் பொறுத்தவரை இந்நேரம் நான் திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டை இறக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்றோடு பதினோரு நாள்.

காலையில் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு, பெண்ணைப் பால்வாடியில் விட்டுவிட்டு, பஸ் ஏறப் போகிறவன் மாதிரி நடப்பேன். ஒரு சுற்றுச் சுற்றி இந்தத் தூணுக்கு வந்துவிடுவேன். பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கும் நேரத்தில் நானும் டப்பாவைத் திறப்பேன்.

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது. நர்சம்மா தமிழில் எழுதிக் கொடுத்தது. எழுத்துக் கூட்டி நானே படித்தேன். முப்பத்தெட்டு வயதில், இதே பால்வாடியில், புனிதா டீச்சர் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுத்த எழுத்து.

படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இன்னும் தூக்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

வெண்ணிலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே சித்தாள் வேலை கேட்டு மேஸ்திரி குமரேசன் வீட்டில் போய் நிற்பாள். இப்போது ஏழு மாத வயிறு. போன தடவை சிமெண்டு சட்டி தூக்கித்தான் கலைந்தது.

எழுந்து போகவும் வழியில்லை. தொட்டியைத் தாண்டினால் தெரு இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் எங்கள் வீடு. வலது பக்கம் மேஸ்திரி வீடு. எந்தப் பக்கம் போனாலும் அவள் கண்ணில் பட்டுவிடுவேன்.

முதுகைத் தூணோடு ஒட்டிக்கொண்டேன். ஜன்னல் வழியாக உள்ளே எல்லாம் தெரிந்தது.

டீச்சர் இரண்டு கூடை வைத்திருந்தாள். சிவப்பில் 'விளையாட்டு' என்று எழுதி ஒட்டியிருந்தது. பச்சையில் 'வேலை'.

"ஒடம்பு ஆடி ஓடி வெளாடுற படமெல்லாம் செவப்புல. வேல செய்யற படமெல்லாம் பச்சையில. யோசிச்சிப் போடணும்."

பந்து உதைக்கிற படம் சிவப்புக்குப் போனது. கயிறு தாண்டுகிற படமும் போனது. களை எடுக்கிற பொம்பளை பச்சைக்குப் போனாள். ஒரு பையன், தலைக்கு மேல் இரும்புக் குண்டு தூக்கி நிற்கிறவனைப் பச்சையில் போட்டான். அது உடற்பயிற்சி என்று டீச்சர் சொல்லிப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர், லாரியிலேர்ந்து எறக்குறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவரவர் அம்மா அப்பா போட்டோவைக் கொடுத்தாள். அட்டையில் ஒட்டியிருந்தது. என் பெண் இசைவாணி கையில் என் படம். சங்கக் கார்டுக்கு எடுத்தது. தோளில் துண்டு இருக்கும்.

அவள் நேராகப் போய்ச் சிவப்புக் கூடையில் போட்டாள்.

"ஏன்டி செல்லம், ஒங்கப்பா மூட்டதானே தூக்குறாரு? அது வேலதானே?"

இசைவாணி தலையை ஆட்டினாள். "இல்ல. அப்பா ஒளிஞ்சி வெளாடுது. தெனமும்."

தொட்டி மேல் புறா வந்து உட்காரும். பாடத்துக்கு நடுவே அவள் ஜன்னல் பக்கம் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறது அதற்காகத்தான் என்று பதினோரு நாளாக நினைத்திருந்தேன்.

அம்மாக்கள் சிரித்தார்கள். வெண்ணிலாவும் சிரித்தாள். "மூட்ட தூக்கி மனுசன் பாதியாப் பூட்டாரு. ஒனக்கு அது வெளாட்டா?"

கொஞ்சம் கழித்து, "எங்கடி ஒளியுது?" என்று கேட்டாள்.

"சொல்லக் கூடாது."

வெண்ணிலா ஜன்னலைப் பார்த்தாள். நான் தலையைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

கூடைகள் நிறைந்ததும் பிள்ளைகளை அம்மாக்களோடு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொருவராகத் தொட்டியைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் இரண்டு பேர் நடக்கிற சத்தம். ஒன்று தேய்ந்த செருப்பு. இன்னொன்று ஓடி ஓடி நிற்கிற சின்னக் கால்.

தூணுக்கு அந்தப் பக்கம் வந்து செருப்பு நின்றது. கையை நீட்டினால் புடவை தட்டும்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இசைவாணி சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது.

"ஜல்தி நடம்மா," என்றாள் வெண்ணிலா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ரொம்ப நேரம் ஒளிஞ்சிக்கினு இருந்தா காலு மரத்துப்பூடும்."

மரத்துத்தான் போயிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. தெரு பிரிகிற இடத்தில் நின்று, இடுப்பில் கை வைத்து, ஒரு முறை மூச்சு வாங்கினாள். பிறகு பிள்ளையின் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

வலது பக்கம், மேஸ்திரி வீட்டை நோக்கித் திரும்பினார்கள்.