டேப் செய்துவைத்த சமாதானம்

டெய்லர் செவத்தியானின் கழுத்தில் தொங்கிய டேப்புக்கு ஊரில் பாதிப்பேருடைய இடுப்பளவு தெரியும். அதனால் அவர்களுடைய மனசளவும் தனக்குத் தெரியும் என்று நினைப்பு. அதற்குப் பிடிக்காதது ஒன்றுதான்: கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளும் நாள் முழுக்கக் 'கறுக் கறுக்' என்று உரசிக்கொள்வது.

"என்னதான்டா உங்களுக்குள்ளே?" என்று ஒருநாள் பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தது.

"இவன் என்னை உரசுறான் அண்ணே," என்றது மேல் அலகு.

"அவன் மட்டும் என்னவாம்? என்னை அமுக்குறான்," என்றது கீழ் அலகு.

"இவ்வளவுதானே? நடுவிலே இருக்கிற திருகுதான் உங்களை நெருக்குது. அதைத் தளர்த்திட்டு ஒருத்தருக்கொருத்தர் இடம் விட்டு இருங்க."

அலகுகள் அப்படியே செய்தன. கடை அமைதியானது. டேப் பூரிப்பில் ஒரு அங்குலம் நீண்டேவிட்டது.

மறுநாள் கல்யாணப்பெண்ணின் ரவிக்கைப் பட்டு மேசைக்கு வந்தது. செவத்தியான் கத்தரியை ஓட்டினார். பொக்கைவாய் முறுக்கைச் சப்புவதுபோல அது பட்டைச் சப்பிக் குதறிவைத்தது. பெண்ணின் அம்மா போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. செவத்தியான் ஆத்திரத்தில் கத்தரியைத் தூக்கிப் பழைய இரும்புச் சாக்கில் எறிந்தார்.

"பார்த்தீங்களா," என்றது டேப், மற்ற சாமான்களிடம். "அதுக்கப்புறம் அந்த ரெண்டு பேருக்குள்ளே ஒரு சத்தம் உண்டா?"

டேப்பின் பார்வை ஊசிமேல் விழுந்தது.

"ஏம்மா, எந்நேரமும் அந்தத் துணியைக் குத்திக்கிட்டே இருக்கியே, உனக்கும் அதுக்கும் என்ன பகை? வா, பேசித் தீர்த்துடலாம்."