ஆம்ப்ரோஸின் டிரம்ஸ்

சாந்தோம் இளைஞர்களின் ராக் குழு ஒன்று சொந்தமாக வெளியிட்ட முதல் இசைத்தட்டை, எங்கள் வாரப் பத்திரிகையில் நான் சற்றுக் கடுமையாக விமர்சித்திருந்தேன். பாடகன் வால்டர் அந்த விமர்சனத்தை மேடையில் என்னைப் போலவே குரல் மாற்றி வாசித்துக் காட்டினான். அரங்கமே சிரித்தது. என் அருகில் அமர்ந்திருந்த என் மனைவி பங்கஜமும் சிரித்தாள். அதைத்தான் என்னால் மன்னிக்க இயலவில்லை.

இரண்டாவது இசைத்தட்டு தபாலில் வந்தது. திட்டினால் ஒன்றுசேர்வார்கள், ஒருவனை மட்டும் புகழ்ந்தால் பிரிவார்கள். ஆகவே, குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனைத் தேர்ந்தெடுத்து, ‘வால்டரின் குரலைக் காப்பாற்றுவது ஆம்ப்ரோஸின் டிரம்ஸ் ஒன்றே’ என்று மிகுந்த பணிவுடன் எழுதினேன்.

மறுவாரம் இருவரும் மயிலாப்பூரில் என் வீட்டுக்கே வந்தார்கள். சண்டை முற்றிவிட்டது என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

“ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றான் ஆம்ப்ரோஸ். “எந்தப் பாட்டுல என் டிரம்ஸ் புடிச்சுது?”

“எல்லாவற்றிலும்தான், தம்பி.”

“கேட்டுக்கினியா மச்சி?” என்று வால்டர் அவன் தோளைத் தட்டினான். பிறகு என்னிடம் திரும்பினான். “ரெக்கார்டிங் அப்போ இவனுக்கு அம்மை போட்டிருந்துது சார். ஒரு பாட்டுலயும் டிரம்ஸே கிடையாது.”

மேசை மீது கயிறு அவிழ்க்கப்படாமல் கிடந்த தபால் பொட்டலத்தின் மேல் நான் மெல்லச் செய்தித்தாளை இழுத்துவிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை இதையும் மேடையில படிக்கிறோம். வீட்டம்மாவையும் கூட்டிக்கினு வாங்க சார்.”

சமையலறையில் பங்கஜம் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.