ஓடி முடித்த அரை மணி நேரம்

பத்தொன்பது நிமிடம் போய்விட்டது. உருளைக்கிழங்கு டப்பா இன்னும் அவன் மடியிலேயே இருந்தது.

மைதானத்துப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த அறைக்குள் அவன் மனைவி போய்க் கதவைச் சாத்தியிருந்தாள். பத்தாயிரம் மீட்டரில் முதலாவதாக வந்தவள். முதலாவதாக வருகிறவர்களிடம் ஊக்கமருந்துப் பரிசோதனைக்குச் சிறுநீர் எடுப்பார்கள்.

ஓடிக் களைத்த உடம்பில் அது லேசில் வராது. அதற்காகக் கடிகாரம் நிற்குமா என்ன?

ஓடி முடித்த அரை மணிக்குள் மாவுச்சத்து உள்ளே போயாக வேண்டும், அதற்குப் பிறகு வண்டி வண்டியாகத் தின்றாலும் பாதிப் பலன்தான் என்பது அவன் கட்சி. காலை ஐந்தே காலுக்குச் சோறு. ஏழரைக்கு ரொட்டியும் தேனும். ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு ஒரு வாழைப்பழம். கல்யாணமானதிலிருந்து மனைவி வாயில் போடும் ஒவ்வொரு கவளத்துக்கும் நேரம் பார்க்கிறவன் அவன். பசிக்கிறதா என்று மட்டும் கேட்டதில்லை.

அக்காவுக்கு நீங்கள் புருஷனா, அலாரமா என்று மைத்துனி ஒரு தடவை கேட்டே விட்டாள். அவனும் சேர்ந்துதான் சிரித்தான்.

பரிசோதனையைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை.

அவளுக்குப் போடும் ஊசியையும் அவன் கணக்கோடுதான் போட்டான். டெஸ்டோஸ்டிரோன்; ஆண் உடம்பில் நிறையச் சுரப்பது. பதினோரு வருடமாக மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது எல்லாம் அத்துப்படி. நிறுத்தி நாளாகிவிட்டது. இன்றைக்கு எத்தனை பாட்டில் எடுத்தாலும் ஒன்றும் தெரியாது என்று தெம்பாக இருந்தான்.

முதல் ஊசி போட்ட வருடம் அவளுடைய நேரத்தில் முழுதாக ஒரு நிமிடம் குறைந்தது. அடுத்த வருடம் மாதவிலக்கு நின்றது. பிறகு மோவாயில் முடி வந்தது. ரேஸரையும் அவனே கடையிலிருந்து எடுத்து வந்தான், தள்ளுபடி விலையில்.

போன மாதம் அவள் அம்மா போனில் கூப்பிட்டார். இந்தப் பக்கம் நலம் விசாரித்த குரலைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“நல்லா இருக்கேன் மாப்ள. அவகிட்ட கொஞ்சம் குடுங்களேன்.”

பேசிக்கொண்டிருந்தது அவளேதான்.

போனை வைத்துவிட்டு வந்து, போதும், நிறுத்திவிடலாம் என்றாள். முப்பத்திரண்டு ஆகிறது, எனக்கு ஒரு குழந்தை வேண்டும் என்றாள். இந்த ஒரு போட்டி மட்டும் முடியட்டும் என்றான் அவன். இதில் ஜெயித்தால் தேசிய அணியில் இடம். போன வருடமும் அதையேதான் சொன்னான், வேறொரு போட்டியைக் காட்டி. அதற்கு முந்தின வருடமும்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

இருபத்தாறு நிமிடம்.

அவள் உள்ளே போகும்போது, துணைக்கு ஒருவர் கூட வரலாம் என்று பரிசோதனை அதிகாரியம்மா சொல்லத்தான் செய்தார். இவன் எழுந்தும் விட்டான். வேண்டாம் என்று அவள் தலையாட்டியது அவனுக்குச் சுருக்கென்றது.

கதவு திறந்தது. காய்ந்த வியர்வை நெற்றியில் உப்புக் கோடாகப் படிந்திருக்க, வந்து பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் இரண்டு நிமிடம் பாக்கி. அவசர அவசரமாக மூடியைத் திறந்து நீட்டினான்.

அவள் டப்பாவை வாங்கி ஓரமாக வைத்தாள். மடித்த காகிதம் ஒன்றை அவன் கையில் கொடுத்தாள். பரிசோதனைப் படிவத்தின் நகல். ஓடியவருக்கு ஒன்று கொடுத்தனுப்புவது வழக்கம்.

கடந்த ஏழு நாட்களில் எடுத்துக்கொண்ட மருந்துகள் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அங்கே எப்போதும் ‘இல்லை’ என்றுதான் எழுதவேண்டும் என்று அவன் சொல்லி வைத்திருந்தான்.

கட்டம் நிரம்பியிருந்தது. மருந்தின் பெயர், அளவு, முந்தாநாள் தேதி. நேரம்கூட எழுதியிருந்தாள், மதியம் இரண்டு பத்து என்று. அவன் கடையில் இருக்கும் நேரம். போட்டுவிட்டவர் யார் என்பதற்கு, நானே.

அலமாரியில் அவன் ஒளித்து வைக்கும் இடம் அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

உள்ளே போய் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று எழுந்தவனைச் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். பாட்டிலுக்கு முத்திரை வைத்தாயிற்று என்றாள். நான்கு வருடம் வரை தடை போடுவார்களாம், கேட்டுக்கொண்டாளாம். ஒரு டாக்டரம்மாவையும் தனியாகப் போய்ப் பார்த்திருக்கிறாள். நிறுத்தினால் உடம்பு பழையபடி ஆகுமா, குழந்தை தங்குமா என்றெல்லாம் உறுதியாகச் சொல்ல அவராலும் முடியவில்லையாம்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டான்.

“நிறுத்துங்கன்னு நான் சொன்னேன், நீங்க கேக்கல. அவங்க சொன்னா கேட்டுத்தானே ஆகணும்.”

ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லிப் பரிசு மேடைக்குக் கூப்பிட்டது. எப்படியும் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளப்போகிற பதக்கம். இருந்தும் அவள் கையால் தலையைக் கோதிக்கொண்டு, ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

ஓட்டம் என்றால் அவளுக்கு உயிர். அது அவனுக்கும் தெரியும்.